தோற்றவர்கள் ஏன் கட்டித்தழுவிக்கொள்கிறார்கள்? இங்கிலாந்து ரக்பியின் கீழ்நிலை லீகைப் புரிந்துகொள்ள

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, மாலை 5 மணிக்குச் சற்று முன்பு. இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூர் மைதானத்தில் ரக்பி ஆட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த அணி 10 புள்ளிகள் பின்தங்கியிருக்கிறது. கடைசி நிமிடத்தில் அதற்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. அணித்தலைவர் கோல் கம்பங்களைக் கை காட்டுகிறார். பந்தை நிறுத்தி, நாலடி பின்வாங்கி, ஓடிவந்து உதைக்கிறார் ஒருவர். பந்து கம்பங்களுக்கு நடுவே பறக்கிறது. 3 புள்ளி. நடுவரின் விசில் ஊதுகிறது. 7 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. தோற்ற அணியினரோ ஒருவரையொருவர் கட்டித்தழுவிக்கொள்கிறார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புரியாத காட்சி. தோல்வி உறுதியான பிறகு எதற்காக அந்த உதை? அதில் என்ன இவ்வளவு மகிழ்ச்சி? இந்த ஒரு உதையை முழுமையாகப் புரிந்துகொண்டால் இங்கிலாந்தின் கீழ்நிலை ரக்பி லீக் ஒன்றின் எட்டு மாதப் பருவமும் விளங்கிவிடும். அதைப் பற்றி நம்மிடையே பேச்சு நிறைய இருக்கிறது. பெரும்பாலும் தவறாகப் பேசுகிறோம் என்பது என் ஆதங்கம். அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

பெயரிலேயே ஒரு சிக்கல்

ரக்பி யூனியன், ரக்பி லீக் இரண்டும் வெவ்வேறு விளையாட்டுகள். யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர். லீகில் 13 பேர். விதிகளும் வேறு, நடத்தும் அமைப்புகளும் வேறு. ஆனால் 'லீக்' என்ற சொல்லுக்குத் தொடர்போட்டி என்றும் பொருள் இருப்பதால், யூனியன் விளையாட்டிலும் லீகுகள் நடக்கின்றன. இந்தக் கட்டுரையில் வரும் லீகுகள் எல்லாம் யூனியன் விளையாட்டின் தொடர்போட்டிகள்.

இரண்டும் பிரிந்த கதை வர்க்கத்தின் கதை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியையாவது ஈடுசெய்யுங்கள் என்று வடக்குக் கிளப்கள் கேட்டன. காசு வாங்கி ஆடுவது விளையாட்டின் தூய்மையைக் கெடுக்கும் என்று, இங்கிலாந்தில் ரக்பியை நடத்திய ரக்பி ஃபுட்பால் யூனியன் மறுத்தது. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்கள் தனியாகப் பிரிந்தன. அந்தப் பிரிவே பின்னாளில் ரக்பி லீக் ஆனது. பசித்தவன் கூலி கேட்டதைக் குற்றமாகப் பார்த்த முடிவு அது. இன்றைக்கும் அதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

யூனியன் தரப்போ காசு வாங்காத கொள்கையை 1995 வரை காப்பாற்றி வந்தது. லீக் என்ற போட்டி முறையைக்கூட அது நெடுங்காலம் அஞ்சியது. பட்டியல், பட்டம் என்று வந்தால் வெல்லும் வெறி வரும், வெறி வந்தால் பணம் வரும் என்பது அந்த அச்சம். அதனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிலாந்துக் கிளப்கள் பெரும்பாலும் தங்களுக்குள் பேசிவைத்து நட்பு ஆட்டங்களையே ஆடிவந்தன. நாடு தழுவிய முறையான லீக் அமைப்பு 1987இல்தான் வந்தது. கரேஜ் என்ற பீர் நிறுவனம் அதற்கு நிதி கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்கள் அதில் சேர்ந்தன. முதல் பருவத்தில் உச்சிப் பிரிவின் பட்டத்தை லெஸ்டர் வென்றது.

ஏணி எப்படி இருக்கிறது

ஐபிஎல்லில் ஓர் அணி கடைசி இடம் பிடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அடுத்த ஆண்டும் அதே பத்து அணிகளுக்கு நடுவே அதற்கு இடம் உண்டு. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் சென்னையில் நடத்தும் டிஎன்சிஏ லீக் அப்படி இல்லை. அங்கே முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று படிகள் உண்டு. நன்றாக ஆடினால் மேலே போகலாம், சறுக்கினால் கீழே இறங்க வேண்டும். இங்கிலாந்து ரக்பியின் கீழ்நிலை அமைப்பு இந்த இரண்டாவது வகை. ஆனால் ஒரு நகரத்துக்குள் அடங்காமல் நாடு முழுவதும் விரிந்த ஏணி அது.

உச்சியில் பிரீமியர்ஷிப் (2025 முதல் 'பிரெம்' என்று பெயர்). அதற்கு அடுத்தது, நீண்ட காலம் சாம்பியன்ஷிப் என்று அழைக்கப்பட்ட இரண்டாம் நிலை. மூன்றாவது நேஷனல் லீக் 1. இந்த மூன்றிலும் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் அணிகள் வரலாம். நான்காம் நிலையிலிருந்து வரைபடம் உள்ளே நுழைகிறது. நேஷனல் லீக் 2 வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்றாகப் பிரிகிறது. ஐந்தாம், ஆறாம் நிலைகளான ரீஜனல் 1, ரீஜனல் 2 இன்னும் சிறிய வட்டாரங்களாக உடைகின்றன. அதற்கும் கீழே கவுன்டீஸ், அதாவது மாவட்ட அளவிலான லீகுகள். அங்கே பக்கத்து ஊர்களோடு ஆடினால் போதும். கீழே போகப்போக பிரிவுகளின் எண்ணிக்கை கூடுகிறது, பயண தூரம் குறைகிறது.

'கீழ்நிலை' என்றதும் பூங்காவில் பொழுதுபோக்காக ஆடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. மூன்றாம், நான்காம் நிலைகளில் ஆடுபவர்களில் பலர் ஆசிரியர்களாக, மின்பணியாளர்களாக, விவசாயிகளாக வேலை பார்த்துக்கொண்டே வார நாட்களின் மாலையில் பயிற்சிக்குப் போகிறவர்கள். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் வந்து மோதும் ஆட்டத்தை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை காலை வகுப்பில் நிற்கிறார்கள். அவர்களுடைய தரத்தைக் குறைத்துப் பேசுபவர்கள் ஒரு முறை பக்கக்கோட்டின் அருகே நின்று பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது: ஆடப்படுவது ரக்பி யூனியன். அதன் கிளப்கள் 1987 முதல் ஒரே ஏணியின் படிகளில் நிற்கின்றன. மேலே நாடு தழுவிய பிரிவுகள், கீழே வட்டாரப் பிரிவுகள்.

ஒரே ஆட்டத்தில் இரண்டு கணக்கு

பெரும் குழப்பம் 'புள்ளி' என்ற சொல்லில் இருக்கிறது. மைதானத்தில் எடுக்கும் புள்ளி ஒன்று. பட்டியலில் ஏறும் புள்ளி வேறொன்று. முதலாவதை ஆட்டப்புள்ளி என்றும் இரண்டாவதைப் பட்டியல் புள்ளி என்றும் இங்கே அழைக்கிறேன். கிரிக்கெட்டில் ரன்னுக்கும் வெற்றிக்குக் கிடைக்கும் 2 புள்ளிக்கும் உள்ள வேறுபாடுதான்.

ஆட்டப்புள்ளி வரும் முக்கிய வழிகள் நான்கு. எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை; 5 புள்ளி. ட்ரை அடித்த பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கக் கிடைக்கும் வாய்ப்பு கன்வெர்ஷன், அது 2. எதிரணி பெரிய தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டியை நேரே கம்பங்களுக்கு உதைத்தால் 3. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் டிராப் கோல், அதுவும் 3.

இனி பட்டியல் புள்ளி. வெற்றிக்கு 4. சமனுக்கு ஆளுக்கு 2. தோல்விக்கு ஒன்றும் இல்லை. இதன் மேல் இரண்டு போனஸ் புள்ளிகள் உண்டு. வென்றாலும் தோற்றாலும் நான்கு ட்ரை அல்லது அதற்கு மேல் அடித்த அணிக்கு 1. ஏழு அல்லது அதற்கும் குறைந்த ஆட்டப்புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணிக்கு 1.

தமிழ்நாட்டு வாசகருக்கு இரண்டாவது போனஸ் அந்நியமானதல்ல. புரோ கபடி லீகில் பல பருவங்களாகத் தமிழ் தலைவாஸ் அணியின் ஆட்டங்களைப் பார்த்தவர்கள், 7 புள்ளிக்குள் தோற்றால் 1 புள்ளி கிடைத்துவந்த விதியை அறிவார்கள். 2025 பருவத்தில் அது நீக்கப்பட்டது. தோல்வி உறுதியான பிறகும் கடைசி ரெய்டில் உயிரைக் கொடுத்துப் புள்ளி எடுக்கப் பார்த்ததற்குக் காரணம் அந்த விதிதான்.

ரக்பியில் ஏன் 7? ஒரு ட்ரையும் அதன் கன்வெர்ஷனும் சேர்ந்தால் 7. அதாவது 7 புள்ளிக்குள் தோற்ற அணி, ஒரே ஒரு முயற்சி பலித்திருந்தால் ஆட்டத்தைச் சமன் செய்திருக்கும் அல்லது வென்றிருக்கும். அவ்வளவு நெருங்கி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது விதியின் கருத்து.

இப்போது அந்த ஏப்ரல் மாலைக்குத் திரும்பலாம். 10 புள்ளி பின்தங்கியிருந்தபோது தோற்றால் பட்டியல் புள்ளி சுழியம். பெனால்டி உள்ளே போனதும் வித்தியாசம் 7. பட்டியலில் 1 ஏறியது. அந்த ஒன்றுதான் அவர்களைக் கீழ்ப்படிக்கு இறங்காமல் காப்பாற்றியிருக்கிறது. உதைத்தவர் தோல்வியைச் சிறியதாக்க உதைக்கவில்லை. தன் கிளப்பின் அடுத்த ஆண்டைக் காப்பாற்ற உதைத்தார்.

இதன் மறுபக்கமும் பார்க்க வேண்டியது. ஓர் அணி 20 புள்ளி முன்னிலையில் இருக்கிறது. மூன்று ட்ரை அடித்தாகிவிட்டது. பெனால்டி கிடைக்கிறது. எளிய 3 புள்ளியை விட்டுவிட்டு, பந்தை எதிரணிக் கோட்டின் மூலைப்பக்கம் வெளியே உதைத்து, அங்கிருந்து நான்காவது ட்ரைக்குப் பாய்கிறது. வெற்றி கையில் இருக்கும்போது ஏன் இந்த வீண் துணிச்சல் என்று தோன்றும். அவர்கள் துரத்துவது ஐந்தாவது பட்டியல் புள்ளியை. போனஸ் விதி வருவதற்கு முன்பு இப்படிப்பட்ட ஆட்டத்தின் கடைசி கால் மணி நேரம் உப்பில்லாத கஞ்சியாக இருக்கும். இன்று அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு அணிகளுக்குமே தேடுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. இந்த விதியை நான் மனமார நேசிக்கிறேன்.

எண்களில் பாருங்கள். ஓர் ஆட்டம் 12–0 என்று முடிகிறது. நான்கும் பெனால்டி உதைகள். வென்றவருக்கு 4, தோற்றவருக்கு 0. இன்னொரு ஆட்டம் 31–28. இரு தரப்பும் நான்கு ட்ரை. வென்றவருக்கு 4உம் ட்ரை போனஸ் 1உம் சேர்ந்து 5. தோற்றவருக்கு ட்ரை போனஸ் 1, நெருங்கிய தோல்விக்கு 1, ஆக 2. தோற்றே சமனுக்கு நிகரான புள்ளியை எடுத்துவிட்டார்.

இது பருவம் முழுவதும் சேரும்போது விளைவு பெரிது. 26 ஆட்டங்கள் கொண்ட லீகில் ஓர் அணி 16 வெற்றி பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 64 புள்ளி, ட்ரை போனஸ் 8, நெருங்கிய தோல்வி 2, மொத்தம் 74. இன்னோர் அணிக்கு 15 வெற்றிதான். 60 புள்ளி, ஆனால் ட்ரை போனஸ் 12, நெருங்கிய தோல்வி 6, மொத்தம் 78. குறைவாக வென்றவர் மேலே நிற்கிறார். பட்டியலைப் பார்த்துத் தவறாக அச்சாகிவிட்டதோ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை பார்க்கப்படும். ஆட்டப்புள்ளி வித்தியாசம் அதற்குப் பிறகுதான்.

சுருக்கமாக: ஓர் ஆட்டத்தில் வென்றவர் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 5, தோற்றவர் எடுக்கக்கூடியது 2. ஏறுவதும் இறங்குவதும் பல நேரங்களில் இந்தச் சில்லறையில்தான் முடிவாகின்றன.

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை

பருவம் கோடையின் கடைசி வெயிலில், காய்ந்த தரையில் தொடங்கும். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரு முறை மோதும். சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று. நேஷனல் லீக் 2இன் ஒரு பிரிவில் 14 அணிகள் என்றால் 26 சனிக்கிழமைகள். ரீஜனல் பிரிவில் 12 அணிகள் என்றால் 22.

டிசம்பரில் இங்கிலாந்தில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்குக் கம்பங்கள் இல்லாத கிளப்கள் மதியம் 2 மணி வாக்கிலேயே ஆட்டத்தைத் தொடங்கிவிடும். மழையில் சேறாகும் மைதானத்தில் பந்து சோப்புக்கட்டியாக வழுக்கும். ஓடிப் பந்தைக் கைமாற்றி ஆடும் அணிகள் திணறும், பெரிய உடம்போடு முட்டித் தள்ளும் அணிகள் தழைக்கும். ஜனவரியில் தரை உறைந்துபோனால் விழுபவர்களுக்கு ஆபத்து என்று ஆட்டம் ஒத்திவைக்கப்படும்.

இதனால்தான் பிப்ரவரியில் பட்டியலைப் பார்ப்பவர் முதலில் 'ஆடியவை' என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். ஓர் அணி 18 ஆட்டத்தில் 60 புள்ளி, இன்னொன்று 16 ஆட்டத்தில் 56 புள்ளி என்றால், முன்னால் இருப்பது உண்மையில் யார்? இரண்டாவது அணி ஆடாமல் வைத்திருக்கும் அந்த இரண்டு ஆட்டங்களும் யாரோடு, எங்கே என்று பார்க்காமல் சொல்ல முடியாது. இங்கே 'எங்கே' என்பது முக்கியம். சனிக்கிழமை காலை விடியுமுன் பஸ் ஏறி, நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து, விறைத்த முதுகோடு இறங்கி ஆடுபவர்களுக்கு வெளியூர் வெற்றி எளிதில் வாய்ப்பதில்லை.

சொந்த மைதானத்துக்கும் வெளியூருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அமைப்பே ஒரு முறை கணக்கில் எடுத்துக்கொண்டது. கோவிட் பரவலால் 2019–20 பருவம் 2020 மார்ச்சில் பாதியில் நின்றபோது, மீதி ஆட்டங்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஒவ்வோர் அணியும் சொந்த ஊரில் எடுத்த சராசரிப் புள்ளி, வெளியூரில் எடுத்த சராசரிப் புள்ளி இரண்டையும் தனித்தனியே கண்டு, ஆடாமல் நின்ற சொந்த ஊர் ஆட்டங்களுக்கும் வெளியூர் ஆட்டங்களுக்கும் அவற்றைப் பொருத்தி இறுதிப் பட்டியலை வகுத்தார்கள். அதனால்தான் அந்த ஆண்டின் பட்டியலில் மட்டும் தசமப் புள்ளிகளைப் பார்க்கலாம். அடுத்த பருவத்தில் இந்த நிலைகளில் லீகே நடக்கவில்லை.

வரைபடமும் ஒரு நடுவர்

'முதலிடம் பிடித்தால் மேலே, கடைசி இரண்டு பேர் கீழே' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாவது பாதி அவ்வளவு நேரானதல்ல.

வீட்டு மாடியில் மூன்று குழாய்களிலிருந்து கீழே உள்ள தொட்டிகளுக்குத் தண்ணீர் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு வரும் என்பது மேலே எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்றாம் நிலையிலிருந்து இறங்கும் அணிகள் எல்லாமே ஒரு பருவத்தில் தென் இங்கிலாந்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். அப்போது நான்காம் நிலையின் ஒரு பிரிவில் நெரிசல், இன்னொன்றில் காலியிடம். தீர்வு இரண்டு. நெரிசலான பிரிவிலிருந்து கூடுதலாக ஓர் அணியைக் கீழே இறக்கலாம். அல்லது எல்லையோரத்தில் உள்ள ஓர் அணியைப் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றலாம். படி மாறாமல் பிரிவு மட்டும் மாறும். இதைச் சமநிலை மாற்றம் எனலாம்.

இதில் அடிக்கடி அகப்படுபவை நாட்டின் நடுப்பகுதிக் கிளப்கள். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹியர்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த லக்டோனியன்ஸ் அணி நான்காம் நிலையில் வடக்குப் பிரிவிலும் ஆடியிருக்கிறது, மேற்குப் பிரிவிலும் ஆடியிருக்கிறது. ஊர் நகரவில்லை, அதைச் சுற்றி வரையப்பட்ட கோடு நகர்ந்தது.

2022 வரை நான்காம் நிலையில் வடக்கு, தெற்கு என்று இரண்டே பிரிவுகள். தெற்கில் ஒரே பிரிவுக்குள் தென்மேற்கு முனையான கார்ன்வாலும் தென்கிழக்கு முனையான கென்ட்டும் அடங்கும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சாலை வழியே 500 கிலோமீட்டருக்கு மேல்; ஏறக்குறைய சென்னையிலிருந்து கோயம்புத்தூர் வரை போவது போன்றது. வேலைக்குப் போகும் மனிதர்கள் 80 நிமிட ஆட்டத்துக்காக அவ்வளவு தூரம் போய் வந்தார்கள். 2022இல் ஏணி திருத்தப்பட்டு மூன்று பிரிவுகளாக்கப்பட்டதற்குப் பயணச் சுமையைக் குறைப்பதும் ஒரு முக்கியக் காரணம். தாமதமாக வந்த நல்ல முடிவு.

ஆகவே, ஏப்ரலில் கீழிருந்து மூன்றாம் இடத்தில் நிற்கும் கிளப்பின் ரசிகர் தன் பிரிவை மட்டும் பார்த்தால் போதாது. மேல் பிரிவில் யார் விழுகிறார்கள், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சுருக்கமாக: ஏறுவதைப் பட்டியல் தீர்மானிக்கிறது. இறங்குவதைப் பட்டியலும் வரைபடமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

ஏறியவர்கள், விழுந்தவர்கள்

ஏணியில் உண்மையிலேயே ஏற முடியுமா? எக்ஸெட்டர் ஏறியது. 1990களின் நடுவில் நான்காம், மூன்றாம் நிலைகளில் ஆடிய டெவன் மாவட்டத்துக் கிளப் அது. 2010இல் பிரீமியர்ஷிப்புக்கு உயர்ந்து, 2017இல் இங்கிலாந்து சாம்பியன் ஆனது. 2020இல் மீண்டும் அந்தப் பட்டத்தை வென்றதோடு ஐரோப்பியக் கோப்பையையும் தூக்கியது. இன்று அந்தப் பாதையின் கடைசிப் படி வழுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் சரசென்ஸ் மேலே வந்த பிறகு பல பருவங்களாக எந்த அணியும் பிரீமியர்ஷிப்புக்கு ஏறவும் இல்லை, பட்டியலில் கடைசியாக வந்ததற்காக அதிலிருந்து இறங்கவும் இல்லை. ஏணியின் உச்சியில் கதவைச் சாத்துவது கீழே நிற்கும் அத்தனை கிளப்களுக்கும் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பணம் தீர்ந்து விழுந்தவர்களும் உண்டு. 1971இல் நியூசிலாந்து சென்ற, பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணியான பிரிட்டிஷ் லயன்ஸுக்கு ஏழு வீரர்களைத் தந்த லண்டன் வெல்ஷ், 2014–15 பிரீமியர்ஷிப்பில் 22 ஆட்டங்களிலும் தோற்றது. அந்தப் பருவம் முழுவதும் கிடைத்தது ஒரே ஒரு பட்டியல் புள்ளி, போனஸ் மூலம். இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் தொழில்முறை நிறுவனம் கலைக்கப்பட்டது. கிளப் சாகவில்லை. 2017இல் ஒன்பதாம் நிலையில், வட்டாரக் கிளப்களோடு, காசு வாங்காத அணியாக மறுபடி ஆடத் தொடங்கியது.

அதற்கு முன்பே அந்த வழியில் நடந்தவை ரிச்மண்டும் லண்டன் ஸ்காட்டிஷும். 1999இல் இரண்டின் தொழில்முறை அணிகளும் நிதி நெருக்கடியில் மூழ்கி, லண்டன் ஐரிஷுடன் இணைக்கப்பட்டு மறைந்தன. இரண்டு கிளப்களும் தங்கள் பெயரை விடாமல் ஏணியின் அடியிலிருந்து ஆடின. பக்கத்து ஊர் அணிகளோடு, சேற்றில், ஒவ்வொரு போனஸ் புள்ளியாகச் சேர்த்து. லண்டன் ஸ்காட்டிஷ் 2011இல் இரண்டாம் நிலையை எட்டியது. ரிச்மண்ட் 2016இல் எட்டியது, 2018இல் இறங்கியது. பாதியில் நின்று தசமப் புள்ளியில் முடிந்த அந்த 2019–20 பருவத்தில் நேஷனல் லீக் 1இன் முதலிடத்தைப் பிடித்து மறுபடி ஏறியது. ஒரே ஆண்டில் விழுந்த அந்த இரண்டு கிளப்களும் தென்மேற்கு லண்டனில் ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொண்டு ஆடுகின்றன.